மன்னார் முத்துக்குளிப்போரும் இதயநலத்தின் பரம்பரையும்

இலங்கையின் வரலாற்றிலே மன்னார்க் குடாக்கடல் பெற்றுள்ள இடம் தனிச்சிறப்புடையது. மன்னார்த் தீவின் தென்கரையில், மன்னார் நகருக்கு அண்மையில் உள்ள தாழ்வுபாடு என்னும் மீனவர் ஊர் இக்கடலை நேர்முகமாக நோக்கி நிற்பது. கரைவலை வளைத்து இழுக்கும் கடற்கரைப் பங்கினைப் ‘பாடு’ என வழங்குதல் இக்கரையோரத்து வழக்கு. அவ்வூரார் நாள்தோறும் காணும் கடலின் தென்கீழ்ப் புறத்தே, அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய ஊர்களுக்கு மேற்கே, முத்துப்பார்கள் பரந்து கிடக்கின்றன. உரோமப் பேரரசின் காலந்தொட்டு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உலகத்து வணிகரையும் அரசரையும் இக்கரைக்கு இழுத்தவை அப்பார்களே.

முத்தின் வரலாற்றை எழுதினோர் பலர். அரசிறை எவ்வளவு, ஏலத்தில் எவ்விலை, எந்நாட்டு வணிகர் வந்தனர் என்பனவெல்லாம் ஏடுகளில் நிறைந்துள்ளன. ஆயின், மூச்சை அடக்கிக் கடலடியிற் சிப்பி பொறுக்கிய மனிதனின் இதயமும் குருதியும் அவ்வுழைப்பை எவ்வாறு தாங்கின என்னும் வினா அவ்வேடுகளில் வியப்பாக மட்டுமே தோன்றி மறைகின்றது. அவ்வாற்றல் பிறப்பால் வந்ததா, பயிற்சியால் வந்ததா? அண்மைக் காலத்துப் பரம்பரையியல் ஆய்வுகள் இவ்வினாவுக்குப் புதிய ஒளி தந்துள்ளன. அவ்வொளியிற் பழைய சான்றுகளை மீண்டும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய சான்றுகள்

கொற்கை முத்தின் புகழைச் சங்க நூல்கள் பேசுகின்றன. கி. பி. முதலாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் ‘எரித்திரியக் கடற் பெரிப்புளூசு’ என்னும் கிரேக்க நூல் பாண்டி நாட்டின் கொற்கையிலே முத்துக்குளிப்பு நிகழ்ந்ததைக் கூறி, அத்தொழிலிற் குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்றும் குறிப்பிடுகின்றது. இக்குறிப்பு சிறிதாயினும் பெரும்பொருள் உடையது. தண்டனை பெற்றவன் எக்குடியிலும் பிறந்தவனாக இருக்கலாம். கடலையே அறியாதவனாகவும் இருக்கலாம். அத்தகையவனையும் கடலடிக்கு அனுப்பிச் சிப்பி எடுப்பிக்க முடிந்தது எனின், அத்தொழிலுக்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதி எம்மனிதனிடத்தும் உள்ளதேயாம் என்பது பெறப்படும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல்வழி சென்ற வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, இலங்கைக்கும் தமிழகக் கரைக்கும் இடையே ஏப்பிரில் முதல் மே மாத நடுப்பகுதி வரை நிகழ்ந்த முத்துக்குளிப்பை விவரித்துள்ளார். நான்கு முதல் பன்னிரண்டு பாகம் வரை ஆழமுள்ள நீரிற் குளிப்போர் இறங்கித் தம்மால் இயன்ற மட்டும் தங்கினர் என்பது அவர் கூற்று. எவ்வளவு நேரம் தங்கினர் என்று அவர் அளந்து கூறவில்லை. கொடிய மீன்களைக் கட்டுவதற்கு மந்திரம் வல்லார் அமர்த்தப்பட்டதையும், அவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதையும் அவர் குறித்துள்ளார். இவ்வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை தொடர்ந்தது. அவ்வாறு மந்திரிப்போரைக் ‘கடல்கட்டி’ என மன்னார்க் கரையில் வழங்கினர்.

பதினான்காம் நூற்றாண்டினரான இபன் பதூதா பாரசீகக் குடாவின் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதுமிடத்து, குளிப்போரிற் சிலர் ஒரு மணி நேரமும் சிலர் இரண்டு மணி நேரமும் நீரடியில் இருப்பர் என்கிறார். 1344ஆம் ஆண்டிலே புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு, அவ்வரசன் கையிலிருந்த முத்துகளையும் கண்டவர் அவர். கண்ணாற் கண்ட செய்திகளைப் பெரிதும் நம்பத்தக்க முறையில் எழுதியவரும் மூச்சடக்கத்தைப் பற்றி எழுதும்போது கேள்விச் செய்தியையே கொண்டார் என்பது தெளிவு.

வியப்பும் அளவையும்

போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றினர். ஒல்லாந்தர் 1658இல் அதனைப் பெற்றனர். 1795இல் அது பிரித்தானியர் வசமாயிற்று. பிரித்தானியரின் முதற்கவனம் முத்துப்பார்களின் மீதே சென்றது. முதல் தேசாதிபதியான பிரடெரிக்கு நோர்து அரிப்பிலே கட்டிய மாளிகையின் சிதைவுகள் கடலரிப்புக்கு இரையாகி நிற்பது அக்கவனத்துக்குச் சான்று.

படை அதிகாரியாக இலங்கையில் இருந்த இராபட்டு பேர்சிவல் 1803இல் வெளியிட்ட நூலில், குளிப்போர் பொதுவாக இரண்டு நிமிடம் நீரடியில் இருப்பர் என்றும், சிலர் நான்கைந்து நிமிடம் இருந்தனர் என்றும், 1797இல் அஞ்சுதெங்கிலிருந்து வந்த ஒருவர் முழுமையாக ஆறு நிமிடம் இருந்தார் என்றும் எழுதினார். ஒரு நாளில் நாற்பது ஐம்பது முறை மூழ்குவதும் உண்டு என்பதும், மேலே வந்தோரின் வாயிலும் மூக்கிலும் காதிலும் நீரும் சிலவேளை குருதியும் வடிந்தன என்பதும் அவர் தரும் செய்திகள்.

இதற்கு மாறான சான்று அரை நூற்றாண்டின் பின் கிடைக்கின்றது. முத்துப்பார்களின் மேற்பார்வையாளராகப் பல ஆண்டு பணியாற்றிய கப்டன் சேமிசு தூவாட்டு, எண்பத்தேழு விநாடிக்கு மேல் எவரும் நீரடியில் இருந்ததைத் தாம் அறியார் என்றும், பதின்மூன்று பாகத்துக்கு மேல் எவரும் இறங்கியதில்லை என்றும், ஒன்பது பாக ஆழத்திற் சாதாரணமாக ஐம்பத்தைந்து விநாடிக்கு மேல் தங்குவது அரிது என்றும் கூறினார். குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த சேர் சேமிசு எமர்சன் தெனன்டு இக்கூற்றைத் தம் நூலிற் பதிந்து வைத்தார்.

ஆறு நிமிடத்துக்கும் எண்பத்தேழு விநாடிக்கும் இடையிலுள்ள வேறுபாடு வெறும் எண்வேறுபாடன்று. ஆறு நிமிடம் இருப்பவன் மற்றை மாந்தரினும் வேறான உடலமைப்பினன் என்னும் எண்ணம் எளிதில் எழும். எண்பத்தேழு விநாடி இருப்பவனோ பயின்ற மனிதன். முன்னைய எண்ணம் ஆள்வோருக்கு வாய்ப்பானது. வேறான உடல் படைத்தவனுக்கு வேலைப்பளுவும் வலியும் பொருட்டல்ல என்று கருதிவிடலாமன்றோ? பின்னையதோ, அவன் மூக்கில் வடிந்த குருதிக்கு விடை கேட்பது.

தொழிலின் சுமை

குளிப்பின் முறை நூற்றாண்டுகளாகப் பெரிதும் மாறவில்லை. குளிப்போன் கயிற்றிற் கட்டிய கல்லின்மேற் காலூன்றி விரைந்து கீழிறங்குவான். கழுத்திலோ கயிற்றிலோ தொங்கும் வலைப்பையிற் சிப்பிகளை வாரி நிரப்புவான். கயிற்றை அசைத்ததும் தோணியில் நிற்பவர் அவனை மேலே இழுப்பர். தமிழரும் சோனகரும் பெரும்பாலும் கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினர். அரபியர் மூக்குக்கவ்வியைப் பயன்படுத்தினர். மூக்குக்கவ்வி இருந்தமையால் அரபியரின் இரு கைகளும் வேலைக்கு விடுபட்டிருந்தன.

1903 முதல் 1907 வரை நிகழ்ந்த பெருங்குளிப்புகளிலே 1905ஆம் ஆண்டினது மிகப் பெரிது. அவ்வாண்டில் எடுத்த சிப்பிகள் எட்டுக் கோடிக்கு மேற்பட்டன. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கும் ஒரு பங்கு குளித்தோருக்கும் உரியன. 1906இல் மரிச்சுக்கட்டிக் குளிப்பிற் பணியாற்றிய இலியனாட்டு ஊல்பு, தம் வாழ்க்கை வரலாற்று நூலொன்றில், குளிக்கும்போது இறந்த அரபியன் ஒருவனைக் கரைக்குக் கொண்டுவந்த நிகழ்ச்சியை எழுதியுள்ளார். எத்துணைப் பயிற்சியும் எத்தகைய பிறப்பும் ஒருவனை முற்றாகக் காப்பதில்லை என்பதற்கு அவ்விறப்பு ஒரு சான்று.

குளித்தோர் யாவர்?

இத்தொழில் ஒரே குடிக்கு உரியதாக இருந்ததா என்பது அடுத்து ஆராயத்தக்கது. தூத்துக்குடிப் பக்கத்துப் பரதவர், கீழக்கரை முசுலிங்கள், கொல்லம், அஞ்சுதெங்கு முதலிய மலையாளக் கரையினர், பிற்காலத்திற் பெருந்தொகையாக வந்த பாரசீகக் குடா அரபியர் ஆகியோர் அனைவரும் மன்னார்ப் பார்களிற் குளித்துள்ளனர். பேர்சிவல் தாம் கண்ட ஆபிரிக்கச் சிறுவன் ஒருவனையும் சிறந்த குளிப்போருள் வைத்து எழுதினார். மொழியும் சமயமும் தாயகமும் வேறுபட்ட இம்மக்கள் ஒரே ஆழத்தில், ஏறத்தாழ ஒரே கால அளவு தங்கி, ஒரே வேலையைச் செய்தனர்.

இன்னொன்றும் நோக்கற்பாலது. மன்னார்க் குளிப்பு ஆண்டு முழுவதும் நிகழ்ந்த தொழிலன்று. பெப்ரவரி முதல் ஏப்பிரில் வரையுள்ள காலத்திற் சில கிழமைகள் மட்டுமே நடந்தது. அதுவும் ஆண்டுதோறும் நடந்ததன்று. ஒல்லாந்தர் காலத்தில் 1768இன் பின் 1796 வரை குளிப்பே இல்லை. பிரித்தானியர் காலத்தில் 1837இன் பின் 1855 வரையும், 1891இன் பின் 1903 வரையும் பார்கள் வறிதாகக் கிடந்தன. ஒரு தலைமுறையே கழியும் இடைவெளிகளின் பின்னரும் அறிவித்தல் வெளிவந்ததும் குளிப்போர் திரண்டு வந்தனர். சங்கு குளித்தலும் பிற கரைகளின் முத்துக்குளிப்பும் அவர்தம் பயிற்சியைக் காத்தன. தந்தையிடம் மகன் கற்ற தொழில் என்னும் பொருளிலே இது பரம்பரைத் தொழிலே. ஆயின், உடலின் பரம்பரை என்பது இதனின் வேறானது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பழைய எழுத்தாளரின் பிழை.

நீரினுள் இதயம்

மூச்சடக்கி மூழ்குவோனின் உடலில் நிகழும் மாற்றங்களை அறிவியலார் முதலில் வாத்திலே கண்டனர். பிரான்சு நாட்டு உடற்றொழிலியலாளர் போல் பேட்டு, நீரில் அமிழ்த்திய வாத்தின் இதயத்துடிப்பு மிகக் குறைவதை 1870இல் வெளியிட்டார். அவருக்குப் பின் சாள்சு இரிச்சே அதனை மேலும் ஆராய்ந்தார். முகத்தில் நீர் பட்டு மூச்சும் நின்றவுடன், முகத்துத் தோலிலுள்ள நரம்பு மூளைக்குச் செய்தி அனுப்ப, மூளை வேகசு நரம்பின் வழியாக இதயத்தை மெல்லத் துடிக்கச் செய்கின்றது. கைகால்களுக்குச் செல்லும் குருதிக்கலன்கள் சுருங்க, எஞ்சிய ஒட்சிசன் மூளைக்கும் இதயத்துக்கும் சேமிக்கப்படுகின்றது. குருதிக்கலன்கள் சுருங்குவதாற் குருதியமுக்கம் உயர்கின்றது.

நோர்வேயில் வளர்ந்து அமெரிக்காவிற் பணியாற்றிய பேர் சொலாந்தர் இதனை மனிதரிடத்தும் அளந்தார். அவர் தேர்ந்த மாந்தர் அவுசுத்திரேலியாவின் வடகரைக்கு அப்பாலுள்ள தொறசு நீரிணையின் முத்துக்குளிப்போரே. 1962இல் வெளிவந்த அவ்வாய்வு, நீரடியில் உழைத்துக்கொண்டிருக்கும்போதும் அவர்தம் இதயத்துடிப்புத் தாழ்ந்ததையும், தசைகளில் தேங்கிய இலத்திரிக்கமிலம் அவர்கள் மேலே வந்து மூச்செடுத்த பின்னரே குருதியிற் பெருகியதையும் காட்டிற்று. 1990இலே கொரிய நாட்டுக் குளிக்கும் பெண்களை ஆராய்ந்தோர், மூழ்கும்போது மண்ணீரல் சுருங்கித் தன்னிற் சேமித்த செங்குருதிக் கலங்களைக் குருதியோட்டத்திற் சேர்ப்பதையும் கண்டனர். மண்ணீரல் இவ்விடத்து ஒட்சிசன் பண்டகசாலையாகின்றது.

இம்மறிவினைகள் எல்லா மாந்தரிடத்தும் உள்ளன; குளிர்நீரில் முகம் அமிழ்த்தும் எவனுக்கும் நாடித்துடிப்புத் தாழும். ஆயின் அனைவருக்கும் ஒரே அளவிலல்ல. பயிற்சியினால் அது வலுப்பெறும் என்பதும் உறுதி. பிறப்பிலே அமைந்த வேறுபாட்டுக்கும் அதிற் பங்குண்டா என்பதே எஞ்சிய வினா.

பரம்பரையலகின் பங்கு

இவ்வினாவுக்கு இரு தீவுகளின் மக்கள் விடை தந்துள்ளனர். முதலாவது, இந்தோனீசியாவின் சுலவேசித் தீவினரான பயாவு மக்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகக் கடலிலேயே வாழ்ந்து, நாள்தோறும் மூச்சடக்கி மூழ்கி உணவு தேடியவர்கள் இவர்கள். மெலிசா இலாடோ என்பாரும் உடனாய்வாளரும் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, பயாவு மக்களின் மண்ணீரல் அயலில் நிலத்தில் வாழும் சலுவான் மக்களின் மண்ணீரலினும் ஏறத்தாழ அரைப்பங்கு பெரிது. பயாவு மக்களுள் ஒருபோதும் மூழ்காதவரிடத்தும் அப்பெருமை காணப்பட்டமையால் அது பயிற்சியின் பயன் மட்டுமன்று எனத் துணிந்தனர். பீ. டீ. ஈ. 10ஏ எனப்படும் பரம்பரையலகின் ஒரு வடிவம் அம்மக்களிடையே மிகுந்து காணப்பட்டது. அது தைரொயிட்டுச் சுரப்பியின் ஓமோனளவோடும் மண்ணீரலின் பருமனோடும் தொடர்புடையது.

இரண்டாவது, கொரியாவின் சேயுத் தீவுப் பெண்கள். ‘ஏனியோ’ எனப்படும் இவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குளிர்கடலில் மூழ்கிச் சங்கும் கடற்பாசியும் சேர்ப்பவர்; கருவுற்றிருக்கும் காலத்தும் தொழிலை விடாதவர். 2025இல் இலாடோ குழுவினர் வெளியிட்ட ஆய்விற் குளிக்கும் சேயுப் பெண்கள், குளிக்காத சேயுப் பெண்கள், தலைநகரான சியோலின் பெண்கள் என மூன்று குழுவினர் ஒப்பிடப்பட்டனர். குளிர்நீரில் முகம் அமிழ்த்தி மூச்சடக்கியபோது, குளித்துப் பழகியவரின் இதயத்துடிப்பு ஏனையோரினும் மிகத் தாழ்ந்தது. குளிக்காத சேயுப் பெண்களும் அதே இனத்தவராதலின், இது பயிற்சியின் பயன் என்று கொண்டனர். ஆயின், குளிப்போருக்கும் குளிக்காதோருக்கும் பொதுவாகச் சேயுத் தீவினரிடத்து மிகுந்தும், சியோல் மக்களிடத்து அருகியும் காணப்பட்ட ஒரு பரம்பரையலகு வடிவம், மூழ்கும்போது குருதியமுக்கம் மிக உயராமற் காப்பதோடு தொடர்புற்றிருந்தது. கருவுற்ற தாய்மாரைக் குருதியமுக்க நோயினின்று அது காத்திருத்தல் கூடும் எனவும், அத்தீவிற் பாரிசவாத இறப்புக் குறைந்திருப்பதற்கும் அது ஒரு காரணமாகலாம் எனவும் ஆய்வாளர் கருதினர்.

ஒரே மக்களிடத்தே, ஒரே செயலிலே, இதயத்துடிப்பின் தாழ்வு பயிற்சியாலும் குருதியமுக்கத்தின் அடக்கம் பரம்பரையாலும் வந்தன என்பது இவ்வாய்வின் பெரும்பேறு. பிறப்பா பயிற்சியா என்னும் பழைய வினா, இரண்டிலொன்றைத் தேர்க என்று கேட்டமையாற் பிழைபட்டது. எப்பகுதி எதனால் வந்தது என்று கேட்பதே முறை.

நிலத்தில் வாழ்வோரின் இதயம்

கடலிற் கண்ட இவ்வுண்மை நிலத்துக்கும் பொருந்தும். 2003இலே பிரான்சு நாட்டுக் குடும்பங்கள் சிலவற்றில் மிகையான கொலத்திரோலுக்குக் காரணமாகப் பீ. சீ. எசு. கே. 9 என்னும் பரம்பரையலகின் விகாரம் கண்டறியப்பட்டது. அதே அலகு செயலிழந்து பிறப்போரும் உளரா என அமெரிக்காவிற் தேடிய எலன் ஒப்சு, யொனதன் கோகன் ஆகியோர், ஆபிரிக்க வழியினருள் ஏறத்தாழ நூற்றுக்கு இருவர் மூவர் அத்தகையோர் எனக் கண்டனர். அவர்களிடத்துத் தீய கொலத்திரோல் நூற்றுக்கு 28 பங்கு குறைவு. முடியுருநாடி நோயோ நூற்றுக்கு 88 பங்கு குறைவு என 2006இல் வெளியிட்டனர். வாழ்நாள் முழுவதும் சிறிது குறைந்திருத்தல் முதுமையிற் பெரிதும் குறைத்தலினும் பயன்மிக்கது என்னும் பாடம் இதனாற் கிடைத்தது. அவ்வலகின் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் 2015இற் பயன்பாட்டுக்கு வந்தன. சிலருக்குப் பிறப்பில் வாய்த்த நலத்தை ஏனையோருக்கு மருந்தால் அளிக்கும் வழி இது.

எல்லா நற்பேறும் இவ்வாறு பகிரத்தக்கதாய் அமைவதில்லை. இத்தாலியின் இலிமோனே என்னும் ஏரிக்கரை ஊரிற் சிலருக்கு, குருதிக் கொழுப்பின் அளவுகள் நோயாளருடையன போலிருந்தும் நாடிகள் தூயனவாக இருந்தன. அவர்தம் புரதமொன்றிலுள்ள சிறு மாற்றமே காரணம் என 1980இல் அறிவிக்கப்பட்டது. அப்புரதத்தைச் செயற்கையாக ஆக்கிச் செலுத்திய மருந்து 2003இல் நம்பிக்கை தந்து, பின்னர் நிகழ்ந்த சோதனையில் 2016இல் தோற்றது.

தென்னாசிய மக்களிடத்து எதிர்மாறான செய்தியும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தண்டபாணி, ஐதராபாத்து ஆய்வுநிலையத்தைச் சேர்ந்த தங்கராசு முதலியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, இதயத்தசைப் புரதம் ஒன்றின் பரம்பரையலகிலே இருபத்தைந்து எழுத்து நீங்கிய வடிவம் இந்தியத் துணைக்கண்டத்து மக்களுள் நூற்றுக்கு நால்வரிடம் உள்ளது எனவும், அது இதயத் தசைநோய்க்கு ஏதுவாகும் எனவும் காட்டிற்று. அவ்வடிவம் உடையோர் அனைவரும் நோயுறுவதில்லை. அதனோடு சேர்ந்து வரும் வேறொரு மாற்றமே சிலரிடத்து நோயை மிகுவிக்கின்றது எனப் பின்னைய ஆய்வுகள் தெளிவித்தன. நலந்தரும் வடிவமும் நலிவுதரும் வடிவமும் ஒரே மக்களிடத்தே கலந்து கிடக்கின்றன. எவ்வினமும் முற்றிலும் நல்ல இதயம் உடையதுமன்று, முற்றிலும் தீய இதயம் உடையதுமன்று.

மன்னாருக்கு மீண்டும்

இவ்வறிவோடு மன்னார்ச் சான்றுகளை நோக்கின் மூன்று முடிபுகள் பெறப்படும். முதலாவது, இங்குக் குளித்தோரின் ஆற்றலிற் பயிற்சியின் பங்கே பெரிது. பல குடியினரும் அத்தொழிலை ஒப்பச் செய்தமையும், பழைய நாளிற் குற்றவாளிகளும் அதில் ஈடுபடுத்தப்பட்டமையும், தூவாட்டின் அளவைகள் பயின்ற மனிதனின் எல்லைக்குள் அமைந்தமையும் இதற்குச் சான்றுகள்.

இரண்டாவது, பயாவு, சேயு மக்களின் நிலையும் மன்னார்க் குளிப்போரின் நிலையும் ஒன்றல்ல. ஒரு பரம்பரையலகு வடிவம் மக்களிடையே மிகுவதற்கு, அதனை உடையோர் தலைமுறைதோறும் மிகுதியாகப் பிழைத்து மக்களைப் பெறுதல் வேண்டும். கடலையே ஆண்டு முழுவதும் உணவுக்களமாகக் கொண்ட பயாவு மக்களிடத்தும், கருவுற்ற பெண்களும் மூழ்கிய சேயுத் தீவிலும் அதற்கு வாய்ப்பு இருந்தது. சில கிழமைகளே நடந்து, பல்லாண்டு நின்றுபோன மன்னார்க் குளிப்பில், ஆடவர் மட்டுமே மூழ்கிய நிலையில், அவ்வாய்ப்புச் சிறிது. சங்கு குளித்தல் இடைவிடாத தொழிலாக இருந்த குடிகளிடத்து அது சற்று மிகுதி எனலாம்.

மூன்றாவது, காலத்தின் முரண்பாடு. இலங்கையின் பார்களை அரசாங்கம் 1906இல் ஒரு பிரித்தானியக் கும்பனிக்குக் குத்தகைக்கு விட, சில ஆண்டுகளிற் பார்கள் வறிதாகிக் கும்பனியும் கலைந்தது. 1925இல் நிகழ்ந்த குளிப்போடு பெருங்குளிப்புகளின் காலம் ஏறத்தாழ முடிவுற்றது. எதிர்க்கரையாகிய தூத்துக்குடியிலும் 1961உடன் தொழில் நின்றது. பரம்பரைப் பொருளின் அமைப்பு வெளிப்பட்டதோ 1953இல். உலகின் மிகப் பெரிய குளிப்புக் களங்களுள் ஒன்றிலே, ஏர்ட்மன், ஓர்ணல் முதலிய அறிஞர் சிப்பியின் வாழ்க்கையை 1902 முதல் நுணுகி ஆராய்ந்து ஐந்து பெருந்தொகுதிகள் வெளியிட்டனர். சிப்பியை எடுத்த மனிதனின் குருதியை ஆராயும் கருவி பிறந்த காலத்திலோ அவன் தொழிலை விட்டிருந்தான்.

இது பழங்கதை மட்டுமன்று. மன்னார்க் கரையோரங்களிற் சங்கும் கடலட்டையும் எடுக்கக் கடலில் மூழ்குவோர் இன்றும் உளர். அவர்களுட் பலர் அமுக்கிய காற்றடைத்த உருளைகளோடு இறங்குகின்றனர். மூச்சடக்கி இறங்கியவனைக் காத்த இதயத்தின் மறிவினையும் மண்ணீரலின் சுருக்கமும் இங்குப் பெரிதும் பயன்படா. ஆழத்தில் நெடுநேரம் அமுக்கிய காற்றைச் சுவாசித்து விரைந்து மேலே வருவோனின் குருதியில் நைதரசன் குமிழிகளாகி மூட்டையும் முள்ளந்தண்டையும் தாக்கும். கடலோடிக் குடியிற் பிறந்தோம், எமக்குக் கடல் தீங்கு செய்யாது என்னும் நம்பிக்கை, நேரத்தையும் ஆழத்தையும் கணக்கிடாதவனைக் காவாது. கரையில் வாழ்வோருக்கும் இது பொருந்தும். இதயநாடி நோய் இலங்கையில் இறப்புக்குரிய தலைமைக் காரணங்களுள் ஒன்றாக உள்ளது; உழைக்கும் உடம்பு என்னும் பெருமை, உயர்ந்த குருதியமுக்கத்தை அளந்தறியாதவனுக்கு மருந்தாகாது.

பரம்பரை ஒருவனுக்குக் கொடுப்பது முதல். அம்முதலைக் கொண்டு நடத்தும் வாழ்வே வணிகம். சேயுத் தீவின் பெண்களிடத்து அம்முதல் எவ்வளவு, உழைப்பின் ஈட்டம் எவ்வளவு என இன்று பிரித்துச் சொல்ல முடிகின்றது. அவர்களை நேரிற் சென்று அளந்தமையாலேயே அது முடிந்தது. மன்னார்க் கரையின் மக்களும் அத்தகைய ஆய்வுக்கு உரியவரே. ஐரோப்பிய மக்களிடத்து மிகுதியாகவும் தென்னாசியரிடத்துக் குறைவாகவும் நிகழ்ந்துள்ள பரம்பரை ஆய்வுகளிற் கடலோரத் தமிழ் மக்களும் இடம்பெறுவாராயின், அவர்தம் இதயத்தைக் காக்கும் வடிவங்களும் நலிவிக்கும் வடிவங்களும் வெளிப்படும். இன்று கல்லூரிகளில் உயிரியல் பயிலும் மாணவருள் ஒருவர் அப்பணியை மேற்கொள்ளுதல் கூடும். ஆறு நிமிடம் என்று வியந்தோரினும், கையிற் கடிகாரத்தோடு தோணியில் நின்று எண்பத்தேழு விநாடி என்று எண்ணியவரே அக்குளிப்போனுக்கு உண்மையான மதிப்பை அளித்தவர். அவ்வெண்ணிக்கையைத் தொடர்வதே இனி வேண்டற்பாலது.